அப்பா ஊசியைத் தூக்கிய இடம்

ஒரே வீட்டில் பெண் எடுத்ததைத் தவிர அந்தச் சகலைகள் இருவரும் வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. மூத்தவர் பல் டாக்டர். இளையவர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார் என்றாலும் எல்லோருக்கும் இன்னும் கண்ணாடிக்காரர்தான். இவர் ஜன்னலைத் திற என்றால் அவர் சாத்து என்பார். அவர் காரில் போகலாம் என்றால் இவருக்கு உடனே நடந்தாக வேண்டும். போதாக்குறைக்கு இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் பிடித்திருந்தது, பழைய இசைத்தட்டுப் பைத்தியம். பைத்தியம் ஒன்றென்றால் வைத்தியமாவது ஒன்றாக இருக்கக் கூடாதா? அதிலும் சண்டைதான்.

தட்டின் வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் தூசியை எப்படி எடுப்பது என்பதுதான் சண்டை. துணியால் துடைத்தால் மேலே இருக்கிற தூசி உள்ளே போகும், அவ்வளவுதான். கண்ணாடிக்காரரின் வழி பசை. தச்சர்கள் பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தட்டின் மேல் ஊற்றிப் பரப்பிக் காயவிடுவார். வெள்ளை போய்த் தெளிந்ததும் ஓரத்தில் நகத்தால் நிமிண்டி ஒரே இழுப்பாக உரிப்பார். தூசி, கைரேகை எல்லாம் அந்தத் தோலோடு வந்துவிடும். பல் டாக்டரின் வழி பெட்டி. தண்ணீர் நிரப்பிய பெட்டிக்குள் தட்டு சுற்றும். காதுக்கு எட்டாத ஒலியில் தண்ணீர் நடுங்கி அழுக்கை உதிர்த்துவிடும். பல் பிடுங்கும் சாமான்களைக் கழுவ ஆஸ்பத்திரியில் அப்படியொரு பெட்டி வைத்திருந்தவர், தட்டுக்கென்றே தனியாக ஒன்று வரவழைத்துவிட்டார். விலையை மட்டும் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

“என்ன சகலை, இன்னிக்கு எத்தனை ரெக்கார்டுக்குத் தோலை உரிச்சே?” என்பார் டாக்டர்.

“உங்களை மாதிரி குளிப்பாட்டிப் பவுடர் போட எனக்கு வராது அண்ணே,” என்பார் இவர்.

இவர்கள் கூத்து இவர்களோடு போயிருந்தால் யாருக்கு என்ன வந்தது? நடுவில் அந்த ஒற்றைத் தட்டு வந்து மாட்டிக்கொண்டது.

அது மாமியாரின் குரல். மாப்பிள்ளைகள் இருவரும் கண்ணால் பார்த்தே இராத மாமியார். பெரியவள், சின்னவள் என்றுதான் அந்தப் பெண்களை வீட்டில் கூப்பிடுவார்கள். சின்னவள் தொட்டிலில் கிடக்கும்போதே அம்மா ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் பேசியதை ஒரு தட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். அப்பா பெரியவளை மடியில் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டுவார். அதனால் அவளுக்கு அம்மாவின் குரல் தெரியும். சின்னவளைச் சித்தி தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் அவள் திரும்பி வந்தபோது வீட்டில் தட்டு சுழற்றும் பெட்டியே இல்லை. அப்பா அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்திருந்தார். தட்டு டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போய், அப்பாவுக்குப் பிறகு பெரியவள் கைக்கு வந்தபோது, மேலெல்லாம் சாம்பல் பூசினாற்போல் வெள்ளை பூத்துக் கிடந்தது.

“எப்படியாவது சுத்தம் பண்ணித் தாக்கா. ஒரே ஒரு தடவை கேட்டுடறேன்,” என்று சின்னவள் கேட்காத வருஷம் இல்லை.

“கை வச்சா போயிடும்டி. இருக்கிறதாவது இருக்கட்டும்,” என்று பெரியவள் மறுக்காத வருஷமும் இல்லை.

சின்னவளுக்குப் பேரன் பேத்தி வந்தாயிற்று. இன்னமும் போனில் முன்பின் தெரியாத ஒரு பெண் குரல் கேட்டால் ஒரு நொடி பேச்சை நிறுத்துவாள். வைத்த பிறகு கணவரைப் பார்த்து, “அம்மா இப்படிப் பேசியிருப்பாங்களோ?” என்பாள். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்பாள். கண்ணாடிக்காரர் அப்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அந்தப் பெரியவள்தான் கடைசியில் இறங்கி வந்தாள். மூட்டுவலி வந்து படுத்து எழுந்ததில் ஏதோ பயம் தட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. பசை கிசை எதுவும் கூடாது, அவள் வீட்டுக்காரரின் பெட்டியில்தான் கழுவ வேண்டும். அந்தக் காலத்துத் தட்டை ஓட்டுகிற தடித்த ஊசி சின்னவள் வீட்டில்தான் இருந்தது. அதனால் முதல் நாள் சாயங்காலமே தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

“நாளைக்கு மத்தியானம் அவரு மிஷினைக் கார்ல ஏத்திக்கிட்டு வர்றாரு. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. தம்பி, உங்களைத்தான் சொல்றேன்.”

“சேச்சே, நான் எதுக்கு அண்ணி தொடறேன்?”

“சத்தியமா?”

“சத்தியமா.”

வாயால் சொன்னார். மனசு அப்போதே பசை டப்பா இருக்கும் அலமாரிப் பக்கம் போயாயிற்று.

முழுக்க வீம்பு என்றும் சொல்லிவிட முடியாது. பெட்டியை அவர் நம்பாததற்குக் காரணம் இருந்தது. கண்ணாடி கழுவ அவர் கடையிலும் அதே ஜாதியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. மேல்பூச்சு லேசாக வெடித்திருந்த ஒரு பழைய கண்ணாடியை ஒருநாள் தெரியாமல் அதில் போட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் பூச்சு முழுக்கச் செதில் செதிலாக உரிந்து தண்ணீரில் மிதந்தது. கண்ணாடிக்குச் சொந்தக்காரர் வந்து கடையையே இரண்டாக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிகள் மேல் அவருக்கு ஒரு பயம். ஆக, பயம் பாதி, வீம்பு பாதி. இல்லை, வீம்பு பாதிக்கும் மேலேதான். நாம் ஏன் மறைக்க வேண்டும்? சகலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வரும்போது, இங்கே தட்டு ஏற்கெனவே பளபளவென்று மேஜை மேல் இருக்க வேண்டும். அந்த மனுஷன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதுதான் ஆசை.

காலையில் சின்னவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பின்னறையில் காரியத்தைத் தொடங்கினார். உறையிலிருந்து எடுக்கும்போதே ஒன்றிரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. நடுத்துளையைச் சுற்றி இன்னும் மூன்று துளைகள். ‘சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருப்பாங்க போல, விவஸ்தை கெட்ட ஜனங்க’ என்று நினைத்துக்கொண்டார். மறுபக்கம் ஒரு வரிகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. ‘சிக்கனம்’ என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். அவசரக்காரனுக்குக் கண்ணும் உண்டு, புத்தியும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. நடுவில் ஒட்டியிருந்த காகித வில்லையின் மேல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, தட்டைச் சுழலவிட்டு, பசையை ஊற்றி விளிம்பு வரை பரப்பினார். மின்விசிறியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மத்தியானம் வருகிறேன் என்ற மனுஷன் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து நின்றார். சில பேருக்கு இந்தத் திறமை பிறவியிலேயே உண்டு.

“ராத்திரி முழுக்க இவ தூங்கலை. என்னையும் தூங்க விடலை. சரி, கிளம்புன்னுட்டேன்,” என்று பெட்டியைச் சாப்பாட்டு மேஜை மேல் இறக்கினார் டாக்டர்.

சின்னவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலையை அழகாக வாரி முடித்திருந்தாள். பெரியவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“எங்கயும் இல்ல. சும்மாதான் கட்டினேன்.” முகம் சிவந்துபோயிற்று. “முதல் தடவை இல்லையா அக்கா.”

யாரும் கேலி செய்யவில்லை. டாக்டர்கூட. கண்ணாடிக்காரர் சாத்திய கதவைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்து ஓட்டிவிட்டால் பசை காய்ந்துவிடும், உரித்துவிடலாம். “முதல்ல காபி குடிங்க, அப்புறம் வேலை,” என்று எல்லோரையும் உட்கார வைத்தார்.

காபி வந்தது. பெரியவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே தங்கையிடம் சொன்னாள்:

“இப்பவே சொல்லிடறேன், ஏமாந்துடாத. அதுல உன்னைப் பத்திப் பெருசா ஒண்ணும் இல்ல. அம்மா என்னைக் கேள்வி கேப்பாங்க, நான் பதில் சொல்லுவேன், சிரிப்பாங்க. அவ்வளவுதான்.”

“குரல் போதும்க்கா எனக்கு.”

“அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் வீட்டுக்கே மிஷினைத் தூக்கிட்டு வந்தாரு. அம்மா பேசப் பேச அங்கேயே ரெக்கார்டு சுத்தும், ஊசி அதைக் கீறிட்டே போகும். கறுப்பு நூலா சுருண்டு சுருண்டு வெளிய வந்து விழும் பாரு, முடி மாதிரி! நான் அதை எடுத்து மூக்குக்குக் கீழ மீசை வச்சுக்கிட்டேன். அப்பா ஒரு போடு போட்டாரு.”

டாக்டர் சிரித்தார். சின்னவள் சிரித்தாள். கண்ணாடிக்காரரின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

கறுப்பு நூலா?

கடையில் விற்கிற தட்டில் நூல் எப்படி வரும்? அது அச்சில் அழுத்தி எடுப்பது. பேசப் பேசக் கீறி நூல் எடுக்கிறார்கள் என்றால் அது வேறு ஜாதி. உள்ளே தகடு, மேலே மெல்லியதாக ஒரு பூச்சு. அந்தப் பூச்சில்தான் குரல். மூன்று துளைகள் ஆணி அடித்ததில்லை. கீறும்போது தட்டு நழுவாமல் மிஷினோடு பிடித்து வைக்க. மறுபக்கம் வழவழப்பாக இருந்தது சிக்கனத்துக்கு இல்லை. அந்தப் பக்கத்தில் யாரும் கீறவில்லை. எல்லாம் கண் முன்னால் இருந்தது. அவர் பார்த்ததுதான். 

“இதோ வந்துட்டேன்,” என்று எழுந்து பின்னறைக்குப் போனார். மின்விசிறியை நிறுத்தினார். டப்பா மூடியைத் தூக்கி, டார்ச்சை நடுத்துளைக்குள் அடித்துக் குனிந்து பார்த்தார். துளையின் உள்விளிம்பில் வெள்ளி போல ஒரு கோடு மின்னியது. தகடு.

பசை நடுவில் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் விளிம்பைச் சுற்றித் தெளியத் தொடங்கிவிட்டது. காய்ந்த பசை எதைப் பிடித்திருக்கிறதோ அதை விடாது. உரித்தால் தூசியோடு பூச்சும் வரும். பூச்சோடு அம்மாவும் வருவாள். ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைத்தோம் என்று தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவருக்குப் பயமாக இருந்தது. சத்தம் வெளியே கேட்டுவிடும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

“என்ன சகலை, உள்ளயே குடியேறிட்டியா? ரெக்கார்டைக் கொண்டா!”

தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. எவ்வளவு நல்ல மனுஷனுக்கும் ஒரு நேரத்தில் ஒரு கெட்ட எண்ணம் வரும். அது எவ்வளவு வேகமாக வரும் என்பதுதான் ஆச்சரியம். பெட்டிக்குள் போனால் பூச்சு செதில் செதிலாகத்தான் போகும், கடையில் அந்தக் கண்ணாடிக்குப் போனதுபோல. போகட்டுமே. போனால் அது பெட்டி செய்த காரியம். பசையைத் தொட்டதற்கு நாலு திட்டு விழும். அம்மாவைத் தொலைத்தது பசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலம் முழுக்க டாக்டர் தலை குனிந்து நடப்பார்.

வெளியே வந்தார். தட்டின் மேல் வெள்ளையைப் பார்த்ததும் பெரியவள் டம்ளரை வைத்துவிட்டாள்.

“என்ன தம்பி இது?”

“கொஞ்சம்... பசை வச்சேன் அண்ணி. தூசியை மட்டும் எடுக்கலாம்னு.”

“சத்தியம் பண்ணீங்களே!”

“இன்னும் காயலை. அண்ணனோட பெட்டியில போட்டாக் கழுவிக்கிட்டுப் போயிடும். இல்லையாண்ணே?”

டாக்டரின் முகத்தில் பத்து வருஷத்துப் போட்டியில் ஜெயித்த சிரிப்பு. “பார்த்தியா? கடைசியில என் பெட்டிகிட்டதான வர வேண்டியிருக்கு! கொடு இப்படி. இதெல்லாம் இதுக்கு ஜுஜுபி.”

தட்டை வாங்கிப் பெட்டியின் அச்சில் மாட்டினார். கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இறங்கியது. பெரியவள் இன்னும் கண்ணாடிக்காரரையே முறைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டாள். பெண் பார்க்க வந்த அன்று உள்ளிருந்து வருவதற்கு முன்னால் கதவோரம் நின்று இப்படித்தான் தலைப்பைச் சரிசெய்தாள். அன்று கண்ணாடிக்காரர் அதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

டாக்டரின் விரல் சுவிட்சுக்குப் போயிற்று.

“போடாதீங்க!”

கண்ணாடிக்காரரின் தொண்டையிலிருந்துதான் வந்தது. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டுத் தட்டைக் கழற்றினார். சட்டையெல்லாம் ஈரம்.

“போட்டா மொத்தமா உரிஞ்சிடும். இது சாதா ரெக்கார்டு இல்ல. உள்ள தகடு, மேல பூச்சு. நான் இப்பத்தான் பார்த்தேன். பார்த்தும் சொல்லலை.” மூச்சு வாங்கியது. “பெட்டி மேல பழி போகட்டும்னு நினைச்சேன். பசை காய்ஞ்சாலும் உரிஞ்சிடும். ஓரத்துல காய ஆரம்பிச்சிடுச்சு.”

 அதைக் கேட்டுப் பல் டாக்டர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. படித்த மனுஷன் வாயில் வருகிற வார்த்தை இல்லை. சின்னவள் கணவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அதற்கு அந்த வார்த்தை தேவலாம்.

“திட்டுறதை அப்புறம் திட்டலாம்,” என்றாள் பெரியவள்.  “இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க ரெண்டு பேரும்.”

ரெண்டு பேரும் என்றாள். அப்போதுதான் சகலைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“காயறதுக்குள்ள கரைக்கணும். பச்சைத் தண்ணி. தேய்க்கக் கூடாது,” என்றார் இவர்.

“தண்ணி அதிகமானா?” என்றார் அவர்.

“வெடிப்பு இருந்தா அது வழியா அடியில இறங்கும். இறங்கினா பூச்சு தூக்கிக்கும்.”

“அப்போ கொஞ்சம் கொஞ்சமாத்தான். என் பையைக் கொண்டா.”

ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டார்கள். தட்டின் கீழே துண்டு. கண்ணாடி துடைக்கிற மிருதுவான பிரஷ் இவர் கையில், வாய்க்குள் பஞ்சு வைக்கிற இடுக்கி அவர் கையில். இவர் ஈரப்பிரஷை நடுவிலிருந்து வைத்து வைத்து எடுத்தார். பசை பாலாக இளகியது. அவர் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் ஒரு வேலை செய்தார்கள். பூத்திருந்த வெள்ளையும் பசையோடு இளகி வந்தது. கீழே கறுப்பு தெரிந்தது, அதில் வரிகள் தெரிந்தன. சின்னவள் குனிந்து பார்த்தாள். தன் மூச்சுக்காற்று பட்டுவிடப் போகிறதென்று வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

நடுப்பகுதி முழுக்க வந்துவிட்டது. விளிம்பு வந்தபோது பிரஷ் நின்றது. அங்கே பசை இளகவில்லை. தெளிந்த தோலாகப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் பல் நோண்டுகிற மெல்லிய ஊசியை எடுத்து, அதன் ஓரத்தை ஒரு மயிரிழை தூக்கினார். கண்ணாடிக்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

“நிறுத்துங்கண்ணே.”

“என்ன?”

“கறுப்பும் சேர்ந்து வருது.”

தோலின் அடியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு, கீழே தகடு வெள்ளையாகப் பல்லை இளித்தது. அந்த இடத்திலிருந்து ஒரு வெடிப்பு உள்பக்கமாக இறங்கத் தொடங்கியிருந்தது.

“இன்னும் ஊற வச்சா ஓரமும் இளகலாம்,” என்றார் டாக்டர் மெதுவாக. “ஆனா அதுக்குள்ள தண்ணி வெடிப்பு வழியா உள்ள போயிட்டா, இப்ப காப்பாத்தினதும் போயிடும். இல்லேன்னா ஓரத்தை இப்படியே விட்டுட்டுக் காயவைக்கலாம். ஓரத்துல இருக்கிறது போனதுதான்.”

“ஓரத்துலதான் ஆரம்பம்,” என்றார் கண்ணாடிக்காரர். ஊசி விளிம்பிலிருந்துதான் உள்ளே போகும் என்பதைப் பெரியவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பம் அவளுடையது. அம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிடுவது, கேள்வி கேட்பது, சமத்து என்று சொல்வது, எல்லாம் அங்கே இருந்தது. உள்ளே மீதியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

“அக்கா, உன் பங்கு அது,” என்றாள் சின்னவள். “ஊற வைக்கச் சொல்லு. வர்றது வரட்டும்.”

“நீ சும்மா இருடி.” பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத்தான் மனப்பாடமாச்சே. நிறுத்துங்க. காய வைங்க.”

தட்டு காய்கிறவரை அந்த வீட்டில் யாரும் எதுவும் சாப்பிடவில்லை. கண்ணாடிக்காரர் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

பிறகு டாக்டர் வந்து, “ஊசி உன் கைதான் சகலை. எழுந்து வா,” என்றார்.

தட்டு சுழன்றது. டாக்டர் போனில் பதிவு போட்டுப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடிக்காரர் பசை முடிகிற இடத்துக்கு ஒரு வரி உள்ளே ஊசியை இறக்கினார். கரகரப்பு. இன்னும் கரகரப்பு. சின்னவள் அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் இரண்டு கையும் வெளுத்துப் போயிருந்தன.

“ஒண்ணு!” என்று ஒரு குழந்தைக் குரல் கீச்சென்று சொன்னது.

பின்னாலேயே ஒரு பெண் சிரித்தாள். மூக்கு வழியாகத் தொடங்கி வாய் விட்டுச் சிரிக்கிற சிரிப்பு. சின்னவள் சிரித்தால் அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷம் அந்தச் சிரிப்போடு குடித்தனம் நடத்தியவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“ஒண்ணா? அப்போ தொட்டில்ல கிடக்கிறது யாரு?”

“அது பாப்பா. பொண்ணு நான்தான்!”

“அடி கள்ளி!”

“இங்கதான்,” என்று பெரியவள் முணுமுணுத்தாள். “இங்கதான் அப்பா ஊசியைத் தூக்கிடுவாரு. ரெக்கார்டு அவ்வளவுதான்னு...”

ஊசி நிற்கவில்லை. தூரத்தில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

“ஆங், எழுந்துட்டா பாரு. உன் பேச்சைக் கேட்டுட்டா,” என்றது அம்மாவின் குரல். யாரோ ஆண்குரல், இன்னும் இடம் இருக்கு, பேசுங்க என்றது. “என்னத்தைப் பேசறது? குழந்தை அழுவுது.” நாற்காலி நகர்கிற சத்தம். குரல் தள்ளிப் போயிற்று, ஆனால் தெளிவாகக் கேட்டது. “இதோ வந்துட்டேன்டி, என் சின்னவளே. அழாத, அழாத. அம்மா எங்கயும் போகல. இதோ வந்துட்டேன் பாரு.”

அழுகை நின்றது. யாரோ தூக்கிக்கொண்ட குழந்தை விடுகிற பெருமூச்சு ஒன்று. பிறகு வெறும் கரகரப்பு, பிறகு அதுவும் இல்லை.

அப்பா ஏன் ஊசியைத் தூக்கினார், ஏன் தட்டு சுழற்றும் பெட்டியையே வீட்டை விட்டு அனுப்பினார் என்று இனி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தொட்டில் குழந்தை அழுத அதே அழுகையை விட்ட இடத்திலிருந்து அழுதாள். சின்னவள் என்று அவளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டது அப்பா என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பல் டாக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துப் பெரியவள் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள்.

“உங்க மேல எனக்குக் கோபம் தீரலை தம்பி. அவ்வளவு சீக்கிரம் தீராது. சத்தியம் பண்ணிட்டு மீறினீங்க.”

“தீர வேண்டாம் அண்ணி,” என்றார் அவர். 

“அக்கா, இன்னொரு தடவை,” என்றாள் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அந்த ‘ஒண்ணு’ எதுக்கு? புரியவே இல்லையே.”

“ரெக்கார்டுல இனி ஊசி படக் கூடாது. போன்ல போடறேன்,” என்றார் டாக்டர்.

“இருங்க. அதுக்கு முன்னாடி ஆரம்பம் இருக்கு.” பெரியவள் தங்கைக்குப் பக்கத்தில், மூட்டுவலியையும் பார்க்காமல், தரையில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அறுபத்தைந்து வயதுக்காரி ஒருத்தி, அம்மாவின் குரலில் ஒரு வரியும் ஐந்து வயதுக் குழந்தையின் குரலில் ஒரு வரியுமாகச் சொல்லத் தொடங்கினாள். “என் கண்ணு, இங்க வா. இதுகிட்ட வந்து சத்தமா சொல்லு. அம்மாவுக்கு எத்தனை கண்ணு? ரெண்டு. சமத்து. அம்மாவுக்கு எத்தனை மூக்கு? ஒண்ணு. சமத்து. அம்மாவுக்கு எத்தனை பொண்ணு?”

கணவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் போனைத் தட்டினார்.

“ஒண்ணு!” என்றது குழந்தை.

“ரெண்டு,” என்றாள் பெரியவள்.

அம்மா சிரித்தாள்.